ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு: திருவொற்றியூரில் ஏழாம் வகுப்பு இடைக்கால வரலாறு படித்த விதம்

ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் இடைக்கால இந்திய வரலாற்றின் ஆதாரங்களில் தொடங்குகிறது. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், வெளிநாட்டுப் பயணிகளின் குறிப்பு என்று வகை பிரித்துச் சொல்கிறது. கொஞ்சம் தள்ளிப் பிற்காலச் சோழர்களும் பாண்டியர்களும் வருகிறார்கள். கல்வெட்டு என்றதும் பிள்ளைகள் நினைவில் தஞ்சாவூரும் உத்திரமேரூரும் நிற்கின்றன. இரண்டும் பஸ் பிடித்துப் போக வேண்டிய ஊர்கள். எங்கள் பள்ளி இருப்பதோ திருவொற்றியூரில். வாசலில் இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்தால், நூற்றுக்கும் மேற்பட்ட பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள தியாகராஜ சுவாமி கோயில். மெட்ரோ நிலையத்துக்கே 'திருவொற்றியூர் தேரடி' என்றுதான் பெயர்.

எங்கள் பிள்ளைகளின் அப்பாக்களில் சிலர் கடலுக்குப் போகிறார்கள், சிலர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார்கள், சிலர் எண்ணூர், மணலி கம்பெனிகளில் ஒப்பந்த வேலை பார்க்கிறார்கள். அம்மாக்கள் பலர் மீன் விற்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். தேர்த் திருவிழா, பௌர்ணமிக் கூட்டம், வடிவுடையம்மன் எல்லாம் இவர்களுக்குத் தெரியும். அந்தச் சுவரில் தங்கள் ஊரின் ஆயிரம் வருஷக் கணக்குவழக்கு எழுதியிருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொன்னதில்லை.

அந்தச் சுவரை வைத்தே பாடம் நடத்துவது என்று திட்டமிட்டோம். திட்டம் தொடங்கும் முன் வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதி வாங்கி வைத்துக்கொண்டேன்: "ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊரில் யார் யார் இருந்திருப்பார்கள்?" ராஜா, ராணி, மந்திரி, சிப்பாய், சாமியார். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் இவ்வளவுதான்.

வெளியே கூட்டிப்போவது என்றால் பள்ளிகளில் ஒரு பழக்கம் உண்டு. வரிசையாக நிற்க வைத்து, கோபுரத்தைக் காட்டி, வழிகாட்டி ஒருவர் பத்து நிமிஷம் பேசி, பொங்கல் சாப்பிட்டுத் திரும்புவது. அது சுற்றுலா. அதில் தப்பில்லை, ஆனால் அதில் வரலாறு நடப்பதில்லை. வகுப்பறையில் உட்கார்ந்து செய்யவே முடியாத ஒரு வேலை அங்கே இருந்தால்தான் பிள்ளைகளை வெயிலில் நடத்திக் கூட்டிப்போக நியாயம் உண்டு. அந்த வேலையைக் கல்வெட்டே கொடுக்கும் என்பது என் நம்பிக்கை. கணக்கையும் தமிழையும் அறிவியலையும் நாம் வரலாற்றோடு ஒட்ட வைக்கத் தேவையில்லை. ஒரு விளக்குக் கொடையைப் படித்துப் புரிந்துகொள்ள அத்தனை பாடமும் தானாகவே தேவைப்படும்.

முன்னேற்பாடு

கோயில் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி, பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம், தலைமை ஆசிரியரிடம் கால அட்டவணையில் இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல. இவ்வளவும் கிடைத்த பிறகு நாள் பார்ப்பது தனி வேலை. வெள்ளிக்கிழமை கூடாது. பௌர்ணமி கூடவே கூடாது: மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கக் கூட்டம் வரும். மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஆக, வார நாளில் காலை வேளை மட்டும்தான் மிச்சம். சாலையைக் கடக்க ஒவ்வொரு குழுவோடும் ஒரு பெரியவர் வேண்டும். அதற்கு அம்மாக்கள் முன்வந்தார்கள். பின்னால் இதுவே பெரிய உதவியாக அமைந்தது, சொல்கிறேன்.

இந்தப் பகுதியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் கலந்து படிக்கிறார்கள். கோயிலுக்குள் வர விருப்பமில்லாத வீடுகளும் உண்டு, அதை மதிக்க வேண்டும். அதனால் வேலையை முதலிலேயே பிரித்துக்கொண்டோம். கோயிலுக்குள் பார்க்கும் குழு, வெளியே தெருவையும் குளத்தையும் கடற்கரையையும் பார்க்கும் குழு, பள்ளி மைதானத்திலேயே அளவு, எடை, எண்ணெய் சோதனை செய்யும் குழு. மூன்று குழுவும் சேர்ந்தால்தான் ஒரு கல்வெட்டு முழுதாகப் புரியும் என்ற மாதிரி வேலை அமைந்தது. கோயிலுக்குள் போகாத பிள்ளை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. சொல்லப்போனால் மொத்தத் திட்டத்திலும் முக்கியமான கண்டுபிடிப்பு மைதானத்துக் குழுவிடமிருந்துதான் வந்தது.

கல்லில் கை வைக்கக் கூடாது என்பது முதல் விதி. எழுத்து தெரிய வேண்டும் என்று மைதா மாவு, சாக்பீஸ் பொடி, எண்ணெய் பூசும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது கல்லுக்குக் கேடு. டார்ச் விளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாலே போதும், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். ஒளியும் நிழலும் அறிவியல் பாடத்தில் படித்ததுதான். போட்டோ எடுக்கவில்லை, பார்த்ததைப் பென்சிலால் வரைந்தார்கள். வரையும்போது கண் நிற்கிறது. போட்டோ எடுத்தால் கண் நகர்ந்துவிடும்.

எழுத்து

எதைத் தேட வேண்டும் என்று தெரியாமல் சுவர் முன் நின்றால் எல்லாம் கிறுக்கலாகத்தான் தெரியும். அதனால் 'ஸ்வஸ்தி ஸ்ரீ'யைத் தேடச் சொன்னேன். பெரும்பாலான கல்வெட்டுகள் அதில்தான் தொடங்கும், அதுவும் கிரந்த எழுத்தில். அந்த உருவத்தை ஒரு அட்டையில் வரைந்து கொடுத்தோம். கண்டுபிடித்தவர்கள் கத்தினார்கள். "இங்க, இங்க!" பூசாரி ஐயா ஒருவர் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே வந்து இன்னொரு இடத்தைக் காட்டினார்.

அடுத்து தமிழ் எழுத்து. தமிழ் ஐயா வகுப்பில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது, துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே மாதிரி நிற்கும், சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. இதையெல்லாம் வைத்து ஒரு வரியை எழுத்துக்கூட்டுவது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கடினம். முழுக் கல்வெட்டையும் சுவரிலிருந்து படிக்க வைப்பது எங்கள் நோக்கமும் இல்லை. 1911, 1912 ஆண்டுகளிலேயே கல்வெட்டுத் துறையினர் இந்தக் கோயிலில் நிறையப் படியெடுத்திருக்கிறார்கள். அச்சான பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள சொல்லைச் சுவரில் தேடுவதுதான் வேலை. ஒரு பையன் 'விளக்கு' என்ற சொல்லைக் கண்டுபிடித்தான். அடுத்த அரை மணி நேரம் யாரும் தண்ணீர் கூடக் கேட்கவில்லை.

அரசன் யார் என்று கண்டுபிடிக்க மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் பகுதி, உதவியது. 'திருமகள் போல' என்று தொடங்கினால் முதலாம் ராஜராஜன், 'திருமன்னி வளர' என்று தொடங்கினால் முதலாம் ராஜேந்திரன், 'புகழ்மாது விளங்க' என்றால் முதலாம் குலோத்துங்கன். இதைச் சீட்டு விளையாட்டாக்கி வகுப்பில் பழகினோம். ஆண்டு கணிப்பது கணக்கு மிஸ் பொறுப்பு. கல்வெட்டில் கி.பி. இருக்காது, 'யாண்டு' இத்தனையாவது என்றுதான் இருக்கும். ராஜேந்திரனின் ஆட்சியாண்டு 1012இலிருந்து எண்ணப்படுகிறது. பதின்மூன்றாம் யாண்டு என்றால் 1012உடன் 13 கூட்டக் கூடாது, 12தான் கூட்ட வேண்டும். ஏன் என்று வகுப்பில் நல்ல சண்டை நடந்தது. முதல் ஆண்டே ஒன்றுதானே, பூஜ்ஜியம் இல்லையே என்று ஒரு பெண் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான் அடங்கியது.

தமிழ் எண்களும் அப்படித்தான். ௯௰ என்று இருந்தால் ஒன்பது, பத்து என்று இரண்டு எண்ணாகப் படித்தார்கள். ஒன்பது பத்து, அதாவது தொண்ணூறு. இடமதிப்பு இல்லாமல் எழுதும் முறை ஒன்று இருந்தது என்று தெரிந்த பிறகு, நாம் போடும் பூஜ்ஜியம் எதற்காக என்று அவர்களாகவே பேசத் தொடங்கினார்கள். இடமதிப்புப் பாடத்தை மூன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறார்கள், ஆனால் அது இல்லாத ஒரு எண்முறையை அன்றுதான் பார்க்கிறார்கள்.

விளக்கின் கணக்கு

இடைக்காலக் கோயில் கல்வெட்டுகளில் அடிக்கடி வருவது நந்தா விளக்கு, நுந்தா விளக்கு என்று சொல்லப்படும் அணையா விளக்குக்கான கொடை. ஒரு விளக்கு எரிய நாள்தோறும் ஓர் உழக்கு நெய். அதற்குத் தொண்ணூறு ஆடு. ஆடுகளை மன்றாடிகள், அதாவது இடையர்கள், ஏற்றுக்கொண்டு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டு சொல்லும். செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு ஈடுகட்டி, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையர் பொறுப்பு.

மைதானத்துக் குழுவுக்குக் கொடுத்த கேள்வி: ஏன் தொண்ணூறு? ஏன் ஐம்பது இல்லை, நூறு இல்லை?

வீட்டில் பாட்டிகளிடம் கேட்டு வாய்பாடு வாங்கி வந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஆக, நான்கு உழக்கு ஒரு நாழி. ஆண்டுக்கு 365 உழக்கு நெய். நாலால் வகுத்தால் 91¼ நாழி. ஆடு தொண்ணூறு. கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து சொன்னாள்: "மிஸ், ஒரு ஆட்டுக்கு வருஷத்துக்கு ஒரு நாழி! அவ்ளோதான் மிஸ்!"

இப்படி ஒரு எளிய விகிதம் அந்த எண்ணுக்குள் இருப்பதைப் பன்னிரண்டு வயதுப் பெண் தானே வகுத்துக் கண்டுபிடித்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இதைவிடப் பெரிய வரலாற்றுப் பாடம் என் வகுப்பில் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்புறம் கேள்விகள் கொட்டின. ஆட்டுப் பாலில் நெய் எடுக்க முடியுமா? முடியும், செம்மறிப் பாலில் பசும்பாலைவிடக் கொழுப்பு அதிகம். வருஷத்துக்கு ஒரு நாழிதானா, ரொம்பக் குறைவாக இருக்கிறதே? எல்லா ஆடும் எப்போதும் கறக்காது, கிடாவும் குட்டியும் மந்தையில் இருக்கும், குட்டி குடித்தது போக மீதிதான் கறவை, நோய் வந்தால் சாகும். அறிவியல் மிஸ் இதை வைத்தே பாலூட்டிகளின் வாழ்க்கைச் சுழற்சியை நடத்தினார். எங்கள் பக்கத்து மாதவரம் பால்பண்ணையில்தான் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் ஒரு தாத்தா, பேரனுக்காகப் பள்ளிக்கு வந்து ஆட்டு மந்தை எப்படிப் பெருகும் என்று பேசிவிட்டுப் போனார். கோயிலுக்கு அளந்த பிறகும் இடையனுக்கு என்ன மிஞ்சும் என்று அவரிடம் கேட்டார்கள். பால், குட்டி, உரம் எல்லாம் அவனுக்குத்தானே என்றார். அப்படியானால் இது தானம் மட்டும் இல்லை, இடையனுக்குக் கிடைத்த மூலதனம் என்று ஒரு பையன் சொன்னான். வரலாற்று ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயம் அது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, இல்லையென்றால் 16 எருமை. அதே உழக்குதான். ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு, ஓர் எருமைக்கு ஆறு ஆடு என்று விகிதம் போட்டார்கள். இங்கே 90, அங்கே ஏன் 96? நாழியின் அளவு ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் வேறாக இருந்தது, மரக்காலுக்கே 'ஆடவல்லான்' என்று தஞ்சையில் பெயர் வைத்திருந்தார்கள் என்று சொன்னேன். அளவு வேறானால் எண் வேறாகலாம், ஆனால் அதுதான் காரணம் என்று நம்மால் அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். வரலாற்றில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் பாடம்தான்.

உழக்கு எண்ணெய் உண்மையில் எவ்வளவு நேரம் எரியும் என்று மைதானத்தில் அகல் வைத்துப் பார்த்தார்கள். திரி பருமனானால் சீக்கிரம் தீர்கிறது, மெல்லிய திரியில் நெடுநேரம் நிற்கிறது, கடல் காற்று அடித்தால் எல்லாக் கணக்கும் மாறுகிறது. காற்றில்லாத கருவறையில் ஏன் விளக்கு நின்று எரிகிறது என்று அவர்களுக்கு விளங்கியது.

கொடை எப்போதும் ஆடாக வராது, பொன்னாகவும் வரும். பொன்னை ஊர்ச்சபை பெற்றுக்கொண்டு வட்டியில் விளக்கெரிக்கும். கழஞ்சுக்கு ஆண்டுக்கு மூன்று மஞ்சாடி என்பது அக்காலக் கல்வெட்டுகளில் வரும் ஒரு வட்டி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடி என்றால் என்ன என்று காட்ட ஆனைக்குன்றிமணி விதைகளைப் பொறுக்கி வரச் சொன்னோம், சிவப்பாகப் பளபளவென்று இருக்குமே, அதுதான். மளிகைக்கடை டிஜிட்டல் தராசில் நிறுத்தால் நாலு விதை ஏறக்குறைய ஒரு கிராம். ஆக, ஒரு கழஞ்சு சுமார் ஐந்து கிராம். முப்பது கழஞ்சு பொன் என்றால் சுமார் 150 கிராம், பதினெட்டுப் பத்தொன்பது சவரன். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து.

இங்கேதான் அம்மாக்கள் வந்தது உதவியது. சதவீதக் கணக்கைப் பிள்ளைகள் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருக்கும்போது, பின்னால் நின்ற ஒரு அம்மா, "நூத்துக்கு ஒண்ணேகால் வட்டிதானே" என்றார். மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றேகால், பன்னிரண்டு மாதத்துக்குப் பதினைந்து. மனக்கணக்கு. அடகுக்கடைச் சீட்டைக் கையில் வைத்துப் பழகியவருக்குப் பல்லவர் காலத்து வட்டி ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவர் மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். எல்லாப் பெற்றோரையும் இப்படி வகுப்புக்குள் அழைத்து வர வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

தமிழ் ஐயா இதே விளக்கைப் பெரியபுராணத்துக்குக் கொண்டுபோனார். கலிய நாயனார் திருவொற்றியூர்ச் சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் வணிகர் குடியில் பிறந்தவர். செல்வம் போன பிறகும் கோயில் விளக்கு அணையக் கூடாது என்று கூலிக்குச் செக்கு ஓட்டியவர். கடைசியில் எண்ணெய்க்கு வழியில்லாமல் தன் ரத்தத்தையே அகலில் ஊற்றத் துணிந்தவர் என்று சேக்கிழார் பாடுகிறார். விளக்கின் கணக்கைப் போட்ட கையோடு இந்தக் கதையைக் கேட்டபோது, ஓர் உழக்கு எண்ணெயின் கனம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வளைந்த சுவர்

இந்தக் கோயிலின் மூலவர் ஆதிபுரீசுவரர் கருவறையின் பின்பக்கம் வளைந்திருக்கும். யானை படுத்திருப்பதுபோல் பின்னால் வட்டமாக முடியும் இந்த அமைப்பைத் தூங்கானை மாடம் என்பார்கள். பாடி திருவலிதாயத்திலும் இந்த அமைப்பைப் பார்க்கலாம். ஏழாம் வகுப்புக் கணக்கில் வட்டத்தின் சுற்றளவும் பரப்பும் வருகின்றன. வேறென்ன வேண்டும்?

சிக்கல் என்னவென்றால், உள்ளே போய் விட்டத்தை அளக்க முடியாது. வெளியே திருச்சுற்றில், சுவரைத் தொடாமல், தரையில் கயிறு போட்டு வளைவின் நீளத்தை எடுத்தார்கள். அது அரைவட்டம் என்று வைத்துக்கொண்டால், நீளத்தை π-ஆல் வகுத்தால் ஆரம். ஆனால் நேர்ச்சுவர் எங்கே முடிகிறது, வளைவு எங்கே தொடங்குகிறது? ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு இடத்தைச் சொன்னது. விடை குழுவுக்குக் குழு மாறியது. பள்ளிக்கு வந்து மைதானத்தில் முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கருவறையின் முழு அளவு வரைபடத்தைப் போட்டார்கள். கயிற்றின் வளைவை அதன் மேல் வைத்துப் பார்த்து, யார் அளவு பொருந்துகிறது என்று அவர்களே தீர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் கணக்குப் பாடத்தில் தூங்கிய பையன்தான் முளை அடிப்பதில் தலைவன்.

இந்த விமானத்தை ராஜேந்திர சோழன் காலத்தில் (1012–1044) கருங்கல்லால் கட்டியவர் யார் என்று கல்வெட்டு பெயரோடு சொல்கிறது: ரவி என்ற வீரசோழத் தச்சன். கட்டச் சொன்னவர் சதுரானன பண்டிதர். கொத்தனார் மகன் ஒருவன் அந்தப் பெயரை நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டான். "எங்கப்பா கட்டின வீட்டுல எங்கப்பா பேரு இல்ல மிஸ்" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை.

சதுரானன பண்டிதர் இன்னொரு புதிர். 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் கொல்லப்பட்டபோது, அவனுடைய கேரளத்துப் படைத்தலைவர் ஒருவர் உடன் இருக்க முடியாமல் போனது. அந்தத் துயரில் துறவு பூண்டு திருவொற்றியூர் வந்து மடத்துத் தலைவரானார். அவர் பெயரும் சதுரானன பண்டிதர்தான். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின், இங்கே கன்னரதேவன் என்று சொல்லப்படுபவனின், ஆட்சியாண்டில் அந்தக் கல்வெட்டு வெட்டப்பட்டது. "அப்போ ராஜேந்திரன் காலத்துல அவருக்கு நூறு வயசுக்கு மேல இருக்குமே மிஸ்?" என்று கேட்டான் ஒருவன். கணக்குப் போட்டுக் கேட்ட கேள்வி. அது ஆள் பெயர் இல்லை, மடத்துத் தலைவர்கள் அடுத்தடுத்துத் தாங்கிய பட்டம் என்று அவர்களாகவே வந்து சேர விட்டேன். ஒரே பெயர் வந்தால் ஒரே ஆள் என்று நினைக்கக் கூடாது என்பதை இதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்க முடியாது.

மகிழ மரத்தடிக்கும் போனோம். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்தது இந்தத் தல மரத்தின் கீழ் என்பது புராணம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜாதிராஜன் பங்குனித் திருநாளில் அதே மகிழின் கீழ் அமர்ந்து சுந்தரர் கதை படிக்கக் கேட்டான் என்பது கல்வெட்டு. புராணத்தையும் கல்வெட்டையும் அருகருகே வைத்து, இரண்டும் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று இரண்டு பத்தியில் எழுதச் சொன்னோம். அது பாதிப் பேருக்குத்தான் கைகூடியது. இலக்கணம் கற்பிக்க இங்கே வியாகரணதான வியாக்யான மண்டபம் ஒன்று இருந்தது, பாணினி இலக்கணத்தோடு தொடர்புடையது. சொன்னோம், ஆனால் அதை வைத்துப் பிள்ளைகள் செய்ய ஒரு வேலையும் கிடைக்கவில்லை. செய்ய வேலை இல்லாத தகவலை விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது.

கல்லும் கடலும்

வெளிக் குழுவின் கேள்வி: இந்த ஊரில் பாறையே இல்லையே, கல் எங்கிருந்து வந்தது? தோண்டினால் மணல், வண்டல். சென்னையின் குன்றுகளெல்லாம் தெற்கே, பரங்கிமலை, பல்லாவரம் பக்கம். அங்கே கிடைக்கும் சார்னோகைட் பாறைக்கு அந்தப் பெயர் வந்ததே கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்துதான். திருவொற்றியூர்க் கல் எந்தக் குன்றிலிருந்து வந்தது என்று நாங்கள் சொல்ல முற்படவில்லை. வரைபடத்தை விரித்து, வண்டியா, படகா, எந்தப் பருவத்தில், எத்தனை ஆறு குறுக்கே வரும் என்று வழி போட்டார்கள். கடல் வழியைச் சொன்னவர்கள் எல்லாரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கரையோர நீரோட்டம் எந்த மாதத்தில் வடக்கே இழுக்கும், எப்போது தெற்கே திரும்பும் என்று அவர்களுக்குப் புத்தகம் பார்க்காமல் தெரிந்தது.

பட்டினத்தார் சமாதிப் பக்கம் கரையில் நின்று, சோழர் காலத்தில் கடல் எங்கே இருந்திருக்கும் என்று பேசினோம். வருஷத்தில் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. பாறாங்கல் தடுப்புகள் அதற்குப் பிறகு வந்தவை. தாத்தா காலத்தில் வீடு இருந்த இடம் இப்போது தண்ணீருக்குள் என்று கை நீட்டிக் காட்டிய பிள்ளைகள் இருந்தார்கள். இடைக்காலக் கரையை இன்றைய கரையை வைத்துக் கணிக்கக் கூடாது என்பதற்கு அவர்கள் குடும்பமே சாட்சி.

என்ன மாறியது

பருவத்தின் முடிவில், முதலில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊரில் யார் யார் இருந்திருப்பார்கள்? இந்த முறை தாளில் இடையர், எண்ணெய் வணிகர், தச்சர், மடத்துச் சாமியார், பொன்னை வட்டிக்கு வாங்கிய சபையார், நெய் அளந்தவர், அளவைச் சரிபார்த்தவர் எல்லாரும் இருந்தார்கள். ராஜாவும் இருந்தார், பலருடைய தாளில் கடைசி வரியில். ஊரின் முகவரியைக் கல்வெட்டு பாணியில் 'ஜயங்கொண்ட சோழமண்டலத்துப் புழற்கோட்டத்துத் திருவொற்றியூர்' என்று எழுதியவர்களும் உண்டு (கோட்டம் என்பது அன்றைய நிர்வாகப் பிரிவு).

தேர்வு மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் வரும் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். தேர்வுத்தாள் ஆட்டுக் கணக்கைக் கேட்பதில்லை. பாடவேளை நிறையப் போகிறது, மொகலாயர் பாடத்தை வேகமாக நடத்த வேண்டி வந்தது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் அளப்பதிலும் வரைவதிலும் முன்னால் வந்தார்கள். ஆனால் அவர்களை மறுபடி எழுத்துக்குக் கொண்டுவர இந்தத் திட்டம் மட்டும் போதாது, தனியாக உழைக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு ஒவ்வொரு குழுவும் 'ஒரு விளக்கின் கணக்கு' என்று ஒரு பக்கம் எழுதிப் பெற்றோர் முன் விளக்கியது. அந்தப் பக்கத்தைத்தான் வளரறி மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொண்டோம். பாடம் பிரித்து மதிப்பெண் போட ஆசிரியர்கள் நாங்கள் திணறினோம், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் எது கணக்கு, எது தமிழ், எது வரலாறு என்று பிரிக்க முடியவில்லை. எனக்கு அது நல்ல அடையாளமாகவே படுகிறது.

இதைச் செய்ய நினைக்கும் வேறு பள்ளிக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: முழுக் கோயிலையும் காட்ட முயலாதீர்கள். ஒரே ஒரு விளக்குக் கொடையை எடுத்துக்கொண்டு, அதன் எல்லாச் சொல்லுக்கும் பதில் தேடுங்கள். பாடி, வில்லிவாக்கம், வடதிருமுல்லைவாயில், பழவேற்காட்டை ஒட்டிய திருப்பாலைவனம் என்று வடக்குப் பக்கத்தில் பழைய கோயில்களுக்குக் குறைவில்லை. செலவு கயிறு, முளை, டார்ச், சுண்ணாம்புத் தூள், ஒரு தராசு. மஞ்சாடி விதை இலவசம்.

வருகிற ஆண்டு பாடி திருவலிதாயத்தின் வளைவையும் அளந்து, இரண்டு தூங்கானை மாடங்களின் வரைபடத்தையும் மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம். புழல் ஏரிக்கரையிலிருந்து தொடங்கிப் புழற்கோட்டத்து ஊர்ப்பெயர்களில் எவை இன்றைய பஸ் நிறுத்தங்களாக இருக்கின்றன என்று தேடும் வேலையை எட்டாம் வகுப்புக்குப் போன பழைய குழுவே கேட்டு வாங்கிக்கொண்டது. அவர்களுக்குத் தெரிந்த 'ஸ்வஸ்தி ஸ்ரீ'யைப் புதிய ஏழாம் வகுப்புக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு.